பிரான்சிலிருந்து எடுக்கிறவர்

கோகுலன் பிரான்சிலிருந்து சுன்னாகத்து வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாள் பின்னேரம், பிரான்சிலிருந்து கோகுலன் போன் எடுத்தான். வந்தவன் அப்போது கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். மனைவி பிரதீபா பழக்கத்தில் போனைக் காதில் வைத்துவிட்டாள். "இஞ்சரும், இண்டைக்கு என்ன சமையல்?" என்றது அதே குரல். கத்தரிக்காய்ப் பால்கறி என்று சொன்ன பிறகுதான், கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்டு அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

யாரோ ஏமாற்றுகிறான் என்றுதான் முதலில் நினைத்தார்கள். முகத்தைக் காட்டச் சொன்னால் லைன் சரியில்லை என்றது குரல். ஆனால் மழைக்கு வெங்காயம் அழுகிய வருடம் அவள் அழுதது, மாமியார் சொன்ன சுடுசொல், பல்லுக்கொதி வந்தால் அவள் எந்தக் கன்னத்தைப் பொத்துவாள் என்பது எல்லாம் அதற்குத் தெரிந்திருந்தது. வந்தவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பதினொரு வருடம் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் கோப்பை கழுவியவன் அவன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஓம் ஓம் என்றபடியே கழுவினான். தண்ணீர்ச் சத்தத்தில் அவள் கதைத்தது பாதிகூட விளங்கவில்லை என்று இப்போது சொன்னான். அப்படியானால் இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டிருந்தது யார் என்று அவளுக்குக் குழம்பியது.

வந்தவனோடு உப்பு, புளி, லைற்றை நிப்பாட்டு என்பதற்கு மேல் கதை நீளவில்லை. போன் அடித்தால் வேலிப்பக்கம் போய்ச் சிரித்தாள். வெங்காயம் ஆயும் இடத்தில் கூட வேலைசெய்யும் பூரணம், "ஒரு மனுசனோடையே நான் படுற பாடு காணும். உனக்கு ரெண்டோடி?" என்றாள். "பிழை செய்யிறன் போலையும் கிடக்கு, இல்லைப் போலையும் கிடக்கு அக்கா" என்றாள் பிரதீபா. கோகுலன் ஊர்ப் பதிவுகளைப் பார்க்கும் விதானையாரிடம் முறையிட்டான். மனைவி புருசனோடு கதைப்பதை என்னவென்று பதிவது என்று தலையைச் சொறிந்துவிட்டு, அவர் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

ஒருநாள் கோகுலன் போனைப் பறித்தான்.

"ஆரடா நீ? என்ரை வீட்டிலை உனக்கென்ன வேலை?" என்றது குரல்.

"நான்தான்ரா கோகுலன்!"

"அப்ப அவவுக்கு எந்தப் பக்கம் பல்லுக்கொதி? சொல்லு பாப்பம்."

கோகுலன் போனைக் கிணற்றுக் கட்டில் அடிக்க ஓங்கினான். அவள் தடுக்கவில்லை. "உடையுங்கோ. பிறகு நான் ஆரோடை கதைக்கிறது?" என்று மட்டும் கேட்டாள். ஓங்கிய கை இறங்க நெடுநேரமானது.

"எந்தப் பக்கம்?" என்றான்.

"இடப்பக்கம்."

இது நடந்து இரண்டு போகம் வெங்காயம் கிண்டியாகிவிட்டது. பிரான்சுக்காரன் இன்றும் எடுக்கிறான். அவர் சுகமோ என்று பூரணமும் விசாரிக்கிறாள். கோகுலன் பின்னேரங்களில் தோட்டத்தில் நின்று தன் போனிலிருந்து வீட்டுக்கு எடுக்கிறான். லைன் கிடைக்காவிட்டால், மற்றவன் கதைத்து முடிக்கட்டும் என்று வரம்பில் குந்தியிருக்கிறான். கிடைத்ததும், "இஞ்சரும், என்ன சமையல்?" என்கிறான். அதற்கு முன் மறக்காமல் தண்ணீர் இறைக்கும் மிசினை நிறுத்திவிடுகிறான்.