பலகைச் சுவரில் கரண்டிச் சத்தம்

அப்பாவின் விரல்களுக்குள் மாட்டியிருந்த கரண்டியை அவள் இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. “விடு, நான் எடுக்கிறேன்,” என்று அண்ணன் ஒவ்வொரு விரலாக நிமிர்த்தினான். சின்ன எவர்சில்வர் கரண்டி. வாதம் வந்து பேச்சு போன நாள் முதல் அதுதான் அவருக்கு நாக்கு. தண்ணீர் வேண்டுமானாலும், புரண்டு படுக்க வேண்டுமானாலும் கட்டிலை ஒட்டிய பலகைச் சுவரில் டக்டக்கென்று தட்டுவார்.

அதில்தான் வந்தது வினை. வீட்டுக்குப் பின்னால், மழைக்காடு தொடங்கும் இடத்தில் ஒரு பட்டமரம். அதில் ஒரு பெரிய மரங்கொத்தி. கரிய உடம்பு, வெள்ளை வயிறு, சிவப்புக் கொண்டை. அது கொத்தினாலும் அதே டக்டக். அப்பாதான் என்று அடித்துப் பிடித்து ஓடி அவள் ஏமாந்தது கொஞ்சநஞ்சமா! கிழவருக்கு அதில் குஷி வேறு. கோணிய வாயால் சிரிப்பார்.

இன்று காலையும் கேட்டது. துணி துவைத்துக்கொண்டிருந்தாள்; கையெல்லாம் சோப்பு. “சும்மா இருடா கொண்டைக்காரா, உனக்கு வேற வேலையில்ல,” என்று திட்டிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். கடைக்குப் போய்த் திரும்பிய அம்மாதான் அப்பாவுக்கு மூச்சு நின்றிருந்ததை முதலில் பார்த்தாள்.

“அம்மா, அவர்தான் தட்டியிருக்காரு. நான் போகல.”

“பறவையா இருக்கும்டி.”

“கையில கரண்டி இருந்துச்சே!”

அம்மா போர்வையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“அது தட்டும், நிறுத்தும். இவரு பதிலுக்குத் தட்டுவாரு. தினமும் நடக்கிறதுதான். உன்னை எங்கடி கூப்பிட்டாரு?”

இத்தனை நாளில் அவள் அப்படியொன்றைப் பார்த்ததே இல்லை. அம்மாவும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அண்ணன் கோடரியை எடுத்தான். “அந்தச் சனியன் மரத்தை முதல்ல சாய்க்கிறேன்.”

“அதுல கை வச்சே, நடக்கிறதே வேற!”

அவள் போட்ட சத்தத்தில் வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் கோடரியைக் கீழே வைத்தான். அந்தப் பறவை இன்னொரு முறை தட்டி, நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்தால் போதும். அம்மா சொன்னது மெய்யாகிவிடும். அவள் பாவி இல்லை என்று ஆகிவிடும். அதுவரை மரம் நிற்க வேண்டும்.

அடக்கம் முடிந்தது, வந்தவர்கள் கிளம்பினார்கள். சாயங்காலம் அப்பாவின் போர்வையைத் துவைக்க உட்கார்ந்தாள்.

டக்டக்.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் நின்றது. காத்திருக்கிறதா, களைத்துப்போய்விட்டதா? பறவையிடம் யார் போய்க் கேட்பது?

மறுபடியும் டக்டக்.

அவள் கையைக் கழுவவில்லை. எழுந்து உள்ளே ஓடினாள்.

“என்னப்பா, தண்ணியா?”

காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். முழங்கையிலிருந்து சோப்பு நுரை தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.