கடைசிக் கட்டத்துக் கதிரை

ஒரு மனிசன் மூன்று வாரமாக ஒரே கறியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டால் ஒரு பெண் என்னதான் நினைப்பாள்? இராசமணியும் அதைத்தான் நினைத்தாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

எண்பத்தாறாம் ஆண்டு, கனடாவில் சென் ஜேம்ஸ் ரவுண் என்கிற மாடிக் குடியிருப்பில் பதினாலாம் மாடி. மட்டக்களப்பிலிருந்து வந்த இராசமணிக்கு ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் தோய்க்கிற வேலை. வயது ஐம்பத்திரண்டு, புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம். எதிர்க்கதவு மியாட்டாவுடையது. அறுபதைத் தாண்டிய, கண்ணாடி போட்ட ஜப்பான்காரர். ஒரு காலத்தில் தோக்கியோவில் நாற்பது படங்களுக்குக் கதைவசனம் எழுதியவர். தொலைக்காட்சி வந்து ஸ்ரூடியோக்கள் படுத்துவிட, மனைவியும் கண்ணை மூட, மகள் நவோமியை நம்பிக் கனடாவுக்கு வந்தார். இங்கிருந்து கொலைக் கதைகள் எழுதித் தோக்கியோவுக்கு அனுப்பினார். இரண்டு புத்தகங்கள் வந்துவிட்டன, மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. எழுதுகிற ஆள் என்பதால் இராசமணிக்கு அவர் ‘மாஸ்டர்’. இருவருக்கும் நடுவில் ஓடியது நொண்டி இங்கிலிஷ். அதை அப்படியே எழுதி உங்களைச் சிரிக்கவைக்க எனக்கு மனமில்லை, தமிழிலேயே சொல்கிறேன்.

லிஃப்ற் பழுதான ஒரு நாள் அவருடைய அரிசி மூட்டையைப் பதினாலு மாடியும் அவள்தான் தூக்கி வந்தாள். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் சோறும் தேங்காய்ப்பால் விட்டு வைக்கிற சொதியும் அவருக்குப் போகும். அவருடைய மேசைக்கு ஒரே ஒரு கதிரை. அவர் எழும்பி அதைக் காட்டுவார், அவள் மாட்டேன் என்பாள். அவர் சாப்பிட, அவள் சுவரில் சாய்ந்து நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுவாள்.

“இது எவ்வளவு நேரம் பழுதாகாமல் இருக்கும்?”

“மத்தியானம் வைச்சா இரவு மட்டுக்கும் இருக்கும்.”

“கசப்பாக ஏதாவது போட்டால் தெரியுமா?”

“தேங்காய்ப்பால் விட்டா ஒரு கசப்பும் தெரியாது மாஸ்டர். வெந்தயத்தை அள்ளிப் போட்டாலும் ஆருக்கும் தெரியாது” என்றாள் பெருமையோடு. அவர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

இராசமணியோடு ஒரே வீட்டில் இருந்த யாழ்ப்பாணத்து யூஜினிக்கு இது போதாதா? “உவர் உன்னைக் கலியாணத்துக்குக் கேக்கத்தான் போறார், இருந்து பார். சும்மா ஒரு ஆம்பிளை சொதிக்கு உப்பு எவ்வளவு எண்டு கேக்கமாட்டான்.”

“போடி விசரி” என்றாள் இராசமணி. சொல்லிவிட்டு, மூக்குத்தியைக் கழற்றிப் புளி போட்டு மினுக்கினாள்.

மினுக்கின மூக்குத்தியோடு போன அந்தச் சனிக்கிழமைதான் வினை வந்தது. மாஸ்டர் தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்க உள்ளே போயிருந்தார். மேசையில் தாள்கள். படக்காலத்துப் பழக்கம் விடாமல், எழுதுமுன் ஒவ்வொரு காட்சியையும் கட்டம் கட்டமாகப் படம் கீறிப் பார்ப்பவர் அவர். முதல் கட்டத்தில் கொண்டை போட்ட ஒரு பெண். மூக்குத்தி. மூன்றாவது பொத்தான் இல்லாத குளிர்க்கோட்டு. கையில் ஒரு கோப்பை. அடுத்த கட்டத்தில் ஒரு தடித்த ஆள் மேசையில் முகம் குப்புறக் கிடந்தான்.

இராசமணி குனிந்து தன் கோட்டைப் பார்த்தாள். மூன்றாவது பொத்தான் இல்லை.

“இது நானா, மாஸ்டர்?”

பொய் சொல்லத் தெரியாத மனிசன். “ஓம்” என்றார்.

“இந்த ஆள்?”

“செத்துவிட்டான்.”

“என்னத்தால?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொதிக் கோப்பையைக் காட்டினார்.

அட கடவுளே! மூன்று வாரம் வாய் ஓயாமல் நஞ்சுக்கல்லவா பக்குவம் சொல்லியிருக்கிறாள்! அவமானத்தில் காது சுட்டது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள்தான், அடுத்த மூன்று சனிக்கிழமையும் எதிர்க்கதவைத் தட்டவில்லை. தட்டாமல் இருந்தது அவளுக்கும் வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு ஒருநாள் நவோமி வந்து வாசலில் நின்றாள்.

“அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. கடைசி அத்தியாயம் எழுதவும் இல்லை. கதையில் அந்தப் பெண் கொல்லுவது வாடகை வாங்குகிற ஒரு வீட்டுக்காரனை, ஒரு சின்னப் பிள்ளையைக் கெடுக்க வந்தவனை. கடைசிப் பக்கத்தில் அவளைத் தூக்கில் போடவேண்டும், இல்லாவிட்டால் அச்சடிக்கமாட்டோம் என்று பதிப்பகத்தார் எழுதியிருக்கிறார்கள். அப்பாவுக்கு இனி வேறு பதிப்பகம் கிடைக்காது. திங்கட்கிழமை தபாலில் போகவேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பார்.”

இராசமணி நேரே அடுப்படிக்குப் போனாள். சொதி வைத்தாள், எடுத்துக்கொண்டு போனாள்.

“மாஸ்டர், என்னைத் தூக்கில போட்டு வேலையை முடிங்க. கடதாசியிலதானே, நான் ஒண்டும் தேஞ்சுபோக மாட்டன்.”

அவர் தலையாட்டி மறுத்தார். “நாற்பது படம். கொல்லு என்றால் கொன்றேன், கல்யாணம் கட்டிவை என்றால் கட்டிவைத்தேன். ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. இவளை மட்டும் முடியாது.”

“ஏன்?”

“அதுகளெல்லாம் நடிகைகளின் முகம். இவள் முகம் சனிக்கிழமைகளில் என் கதவைத் தட்டுகிறது.”

“அப்ப என்னத்துக்கு என்னைக் கொலைகாரி ஆக்கினீங்க?” கடைசியில் கேட்டே விட்டாள்.

“கதையில் துணிச்சல் உள்ள ஆள் அவள் ஒருத்திதான். பதினாலு மாடி அரிசி தூக்கினவளை வேறு யாராக எழுதுவது?”

அவர் கடைசித் தாளை எடுத்து வைத்தார். கட்டத்துக்குள் ஒரு மேசை. அந்தப் பெண் உயிரோடு இருந்து சோறு சாப்பிடுகிறாள். கோட்டில் மூன்றாவது பொத்தானும் தைத்திருந்தது. எதிரே ஒரு கதிரை, வெறுமையாக.

“பொலிஸ் பிடிக்கல்லையா?”

“பிடிக்கவில்லை.”

“அப்ப இந்தக் கதிரையில ஆர்?”

“அது தெரியாமல்தான் இத்தனை நாளாக எழுதாமல் இருக்கிறேன்” என்றார் அவர், அவளைப் பார்க்காமல்.

நாலாம் வகுப்புக்குப் பிறகு இராசமணி படம் கீறியதில்லை. பென்சிலை எடுத்து ஒரு வட்டத் தலை போட்டாள். கண்ணாடிக்கு இரண்டு வட்டம். வாய்க்குப் போகிற ஒரு கை.

“சாப்பிடுறார், பாருங்க. சாகல்ல.”

மியாட்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டுச் சொதியைக் கிட்ட இழுத்தார்.

திங்கட்கிழமை பொதியைத் தபாலில் போட இருவரும் சேர்ந்தே போனார்கள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: மாட்டோம். அதற்குள் அந்த வீட்டு மேசைக்கு இரண்டு கதிரைகள் ஆகியிருந்தன. கடிதத்தை அவர் எதிர்க்கதிரையில் இருந்தவளுக்கு வாசித்துக் காட்டினார். வாசித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சொதி கேட்டார்.