வீட்டில் காணப்பட்ட பொருட்கள்

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. நான் நிரப்பிய ஒரு படிவத்திலிருந்து வந்தது. குழந்தைகள் உதவித்தொகைப் பிரிவில் நான் ஆய்வாளர். வீடு வீடாகப் போய், இந்தக் குடும்பம் நிஜமாகவே ஏழைதானா என்று பார்த்து எழுதுவது என் வேலை. மிச்ச நேரத்தில் கதை எழுதுவது என் வியாதி. [வியாதி என்பது என் மனைவி சொன்னது. அவள் சொன்ன மற்ற வார்த்தைகளை அச்சில் போட முடியாது.]

படிவத்தின் நான்காம் பக்கத்துக்கு ‘வீட்டில் காணப்பட்ட பொருட்கள்’ என்று தலைப்பு. பிரிட்ஜுக்கு மூன்று மதிப்பெண், மெத்தை வைத்த நாற்காலிகளுக்கு இரண்டு, மிக்சிக்கு ஒன்று, மின்விசிறிக்கு ஒன்று. கூட்டினால் ஆறைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு மாதாமாதம் வரும் பணம் நின்றுவிடும். நிறைய மார்க் வாங்கினால் பெயிலாகிற ஒரே பரீட்சை இதுதான் என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்போம். நானும் வஞ்சனை இல்லாமல் சிரித்திருக்கிறேன்.

2

எப்படி ஆரம்பிப்பது?

‘மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் வறுமையின் வாசம்…’

அடித்துவிட்டேன். வறுமைக்கு என்ன வாசம்? அந்தத் தாழ்வாரத்தில் சோப்பு வாசம்தான் அடித்தது. யாரோ காலையிலேயே கழுவிவிட்டிருந்தார்கள்.

‘அவள் கண்களில் ஆயிரம் கேள்விகள்…’

ஐயோ, இதுவும் வேண்டாம். அவள் கேட்டது ஒரே கேள்வி. “டீயா காப்பியா சார்?”

சரி, நேரடியாகவே சொல்கிறேன். அவள் ஒரு சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவள். ஒன்பது வயதில் ஒரு மகள், ஐந்து வயதில் ஒரு மகன். கணவன் [இங்கே ஒரு காரணம் வேண்டும். விபத்தா, குடியா, வேறொருத்தியா? எதை எழுதினாலும் நீங்கள் அதை வைத்து அவளை எடை போடுவீர்கள்] இல்லை. அவ்வளவுதான்.

ஒரே அறை. மூலையில் அடுப்பு, மேலே ஒரு பழைய மின்விசிறி. வலது சுவரோரம் ஆளுயர பிரிட்ஜ், அதன் மேல் மிக்சி. நடு அறையில் சிவப்பு வெல்வெட் மெத்தை போட்ட நான்கு நாற்காலிகள். அவை வந்ததில் அந்த அறையில் நடக்க இடமில்லை. பக்கவாட்டில் உடம்பைத் திருப்பித்தான் உள்ளே போனேன். எனக்கு டீ கொடுத்துவிட்டு அவள் சுவரோரமாக நின்றுகொண்டாள். இரண்டு குழந்தைகளும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தலை வாரி, பவுடர் போட்டு, போட்டோவுக்கு உட்கார்ந்ததுபோல.

3

இதுதான் கதையின் மையம். இதை மட்டும் ஒழுங்காக எழுதிவிட்டால் போதும்.

நான் சும்மா இருக்காமல் அந்தப் பெண் குழந்தையிடம், “ஏன் பாப்பா கீழ உக்காந்திருக்க? மேல வந்து உக்காரேன்” என்றேன்.

“வேண்டாம் அங்கிள். அழுக்காயிடும்.”

“உங்க வீட்டு நாற்காலிதானே?”

“இல்ல, திருப்பிக் குடுக்கணும்” என்றாள் அவள், பாடம் ஒப்பிப்பதுபோலத் தெளிவாக.

தாய் சிரித்தாள். “அவ ஏதாவது உளறுவா சார். நீங்க டீயக் குடிங்க.”

நான் டீயைக் குடித்தேன். பிரிட்ஜைப் பார்த்தேன். அதன் வயர் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டபடியே இருந்தது. பேனாவைத் திறந்து ஏழு என்று கூட்டல் போட்டுவிட்டு, “டீ நல்லா இருந்துச்சும்மா” என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

4

என் முதல் பிரதியில் மேலே உள்ள பகுதி இல்லை. அதில் குழந்தை வாயே திறக்கவில்லை. ஆய்வாளர் எதையும் கவனிக்கவில்லை. களைத்துப்போன, நல்ல மனசுள்ள, பாவப்பட்ட மனிதர். அன்றைக்கு அது பதினோராவது வீடு என்று வேறு எழுதியிருந்தேன். [நான்காவது வீடு.] படித்துப் பார்த்தபோது அந்த ஆய்வாளர்மேல் எனக்கே பரிதாபமாக இருந்தது. அப்போதுதான் சந்தேகம் வந்தது. எழுதுகிறவனுக்குத் தன் பாத்திரத்தின்மேல் இவ்வளவு பாசம் வந்தால் அங்கே ஏதோ திருட்டுத்தனம் இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, தெரிந்தே ஏன் எழுதினான்? ‘மேலதிகாரியின் நெருக்கடியால்…’ என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்துப் பாதியில் விட்டிருக்கிறேன். நெருக்கடி உண்டுதான். ஆனால் அன்றைக்கு யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. “இதெல்லாம் யாருதும்மா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் கூசிப்போவாள், எதற்கு வம்பு என்று நினைத்தேன். அதை மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

5

[இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். பிடிக்காதவர்கள் அடுத்த எண்ணுக்குப் போகலாம்.]

இந்த மதிப்பெண் முறையை வகுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒருவரைப் பயிற்சி வகுப்பில் பார்த்திருக்கிறேன், தங்கமான மனிதர். வசதியுள்ளவன் ஏழை வேடம் போட்டு ஏமாற்றிவிடுவானே என்பதுதான் அவர்கள் கவலை. டிவியை ஒளித்துவைப்பான், சைக்கிளை மாடிக்கு ஏற்றிவிடுவான் என்று எங்களுக்குப் பட்டியல் போட்டுக் கற்றுக்கொடுத்தார்கள். இல்லாதவள் இரவல் வாங்கி அடுக்கிவைப்பாள் என்று அந்த அறையில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. வறட்டுக் கௌரவம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து, பணம் நின்றதற்கு மறுபரிசீலனை மனு கொடுக்க அவள் அலுவலகத்துக்கு வந்தபோதுதான் கேட்டேன்.

“போன வருஷம் பக்கத்து பிளாக்குக்கு ஒரு ஆபீசர் வந்தாரு சார். வீட்ல ஒன்னுமே இல்ல, பிள்ளைங்கள இங்க வளக்க முடியாதுன்னு எழுதி, ரெண்டு பிள்ளைங்களையும் விடுதிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நீங்களும் அந்த ஆபீசுன்னு நெனச்சுட்டேன். எதிர் வீட்டு டெய்லர் அக்காகிட்ட கெஞ்சி எல்லாத்தையும் வாங்கிப் போட்டேன். பிரிட்ஜ நாலு பேரு தள்ளிக்கிட்டு வந்தோம்.”

குழந்தைகள் பாதுகாப்புத் துறை எங்களுக்கு மேல் மாடி. அடையாள அட்டையும் ஒரே நீலம். வீடு காலியாக இருந்தால் அவர்கள் பிள்ளைகளை எடுத்துக்கொள்வார்கள். நிறைந்திருந்தால் நாங்கள் பணத்தை எடுத்துக்கொள்வோம். அவளுக்கு முன்கூட்டியே போன கடிதத்தில் ‘அலுவலர் பார்வையிட வருவார்’ என்று மட்டும்தான் இருந்தது.

6

மறுபரிசீலனையில் அக்கம்பக்கத்தாரின் வார்த்தை செல்லாது. டெய்லர் அக்கா நேரிலேயே வந்து, “என் பிரிட்ஜு சார் அது, பில்லு இருக்கு” என்று கத்திப் பார்த்தாள். பில் இருந்தால் பிரிட்ஜ் அவளுடையது என்று ஆகும். அன்றைக்கு அது எந்த வீட்டில் இருந்தது, ஏன் இருந்தது என்று ஆகாது. அதைச் சொல்லக்கூடியவன் ஆய்வாளன் ஒருவன்தான். அவன் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் மனு குழுவுக்குப் போகும். இல்லையென்றால் நாளை மாலை ஐந்து மணியோடு காலாவதி.

நான் இரண்டு வரி எழுதவில்லை. கதை எழுதினேன். எழுதியதில் எனக்கு ஒரு பெருமைகூட. நேற்று அவள் அந்த இரண்டு வரியைக் கேட்டு மறுபடி வந்தபோது, அலுவலக வாசல் பெஞ்சில் உட்காரவைத்து, “உங்களப் பத்தி ஒன்னு எழுதியிருக்கேம்மா. பேரெல்லாம் போடல” என்று முதல் பிரதியைப் படித்துக் காட்டினேன்.

பொறுமையாகக் கேட்டாள். “நல்லா இருக்கு சார். என்னைய ரொம்ப நல்லவளா எழுதிட்டீங்க” என்றாள். பிறகு, “பாப்பா பேசினத விட்டுட்டீங்களே” என்றாள்.

நான் தாளை மடித்தேன்.

“அவ இப்பெல்லாம் பள்ளிக்கூடத்துல மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கிட்ட பணம் கேக்கறதில்ல சார். பசிக்கலன்னு டீச்சர்கிட்ட சொல்லிடறாளாம். சின்னவனுக்குப் பால் வேணும்னு. அன்னைக்கு உண்மையச் சொன்ன பொண்ணு. நான்தான் அவ வாய அடச்சேன். இப்ப என்னைய மாதிரியே சிரிச்சுக்கிட்டே பொய் சொல்றா.” அவள் குரல் உயரவே இல்லை. “இத குழுல குடுத்தா பணம் வருமா சார்?”

“கதைய அங்க எடுத்துக்க மாட்டாங்கம்மா.”

“அப்ப அந்த ரெண்டு வரிய எழுதிக் குடுங்க சார். கதைய அப்புறம் எழுதலாம்.”

7

எனக்கு மூன்று முடிவுகள் கைவசம் இருந்தன. ஒன்றில் மேலதிகாரி மனம் இளகுகிறார். ஒன்றில் அந்த விதியே மாறுகிறது. மூன்றாவதில் பல வருடம் கழித்து அந்தப் பெண் குழந்தை படித்து அதிகாரியாகி, என் மேசைக்கு [சே. கிழித்துவிட்டேன்].

தெரிந்தே எழுதினேன் என்று நான் ஒத்துக்கொண்டால், இந்த வருடம் நான் நிறுத்திய மற்ற முப்பத்தாறு குடும்பங்களின் கோப்புகளையும் தோண்டுவார்கள். அதில் இன்னும் எத்தனை இரவல் சாமான் இருக்கிறதோ, எனக்கே தெரியாது. பயமாக இருக்கிறது.

இப்போது மதிய இடைவேளை. பக்கத்து மேசைக்காரர் சாப்பிடப் போயிருக்கிறார். வெள்ளைத் தாள் ஒன்று எடுத்தேன்.

‘கவனக்குறைவின் காரணமாக…’ இல்லை.

‘போதிய நேரம் இல்லாததால்…’ இல்லை.

‘அந்த வீட்டில் நான் கண்ட பிரிட்ஜ், நாற்காலிகள், மிக்சி மூன்றும் இரவல் வாங்கியவை. குழந்தை சொல்லி, அங்கே இருக்கும்போதே எனக்கு அது தெரியும். தெரிந்தும் அவற்றை அந்தக் குடும்பத்தின் பொருட்களாகக் குறித்தேன்.’

இத்தனை நாளில் நான் எழுதியவற்றில் திருத்தம் தேவைப்படாத வரிகள் இவை மட்டும்தான். கையெழுத்துப் போட்டுவிட்டேன். தபால் பிரிவுப் பெண் வாங்கி, முத்திரை குத்தி, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

குழுவில் மூன்று பேர். என்ன சொல்வார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. அது என் கையில் இல்லை. அடுத்த வாரம் நீங்கள் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போவீர்கள். ஒரு குழந்தை சிரித்துக்கொண்டே பசிக்கவில்லை என்று சொல்லும். நீங்கள் டீ குடித்துக்கொண்டிருப்பீர்கள். அங்கிருந்து நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.