முதல் மூன்று நாள்

பனிக்கட்டியாய் உறைந்த இரண்டு பாட்டில்களை நெஞ்சோடு அணைத்தபடி, துவைக்கும் அறைக் கதவை நோலீன் முழங்கையால் தள்ளினாள். வெளியே நாற்பத்து மூன்று டிகிரி. கிரிஸ்டல் புரூக்கில் ஜனவரிதான் உச்சக் கோடை; வெயில் தகரக் கூரையை வறுத்துக்கொண்டிருந்தது.

கணவன் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திண்டாடும்போது அவனுடைய பீருக்குப் பணிவிடை செய்ய அரைமணி நேரம் கார் ஓட்டி வந்திருக்கிறாள். யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். கெல்வின் சனிக்கிழமை, வீட்டிலேயே தயாரிக்கும் பீர் வாளியில் ஈஸ்ட் தூவி மூடினான். ஞாயிறு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். இன்று, திங்கள் மத்தியானம், தூக்கம் கலைந்ததும் அவன் கேட்டது அந்த வாளியைத்தான்.

"நோல், வீட்டுக்குப் போயி ஐஸை மாத்திடு. முதல் மூணு நாள்தான் முக்கியம். சூடு இருபதைத் தாண்டிச்சுன்னா நகப்பூச்சு அழிக்கிற தண்ணி மாதிரி நாறும்."

"இங்க உசுரு ஊசலாடுது, உனக்கு பீரு கேக்குதா? நாறட்டும். நானே கொட்டிடறேன்."

"அடிப்பாவி! செஞ்சாலும் செய்வ. போ நோல், சொன்னாக் கேளு."

கோபத்தில் ஒரு முத்தம்கூடத் தராமல் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இப்போது பார்த்தால், தொட்டித் தண்ணீரில் வாளியைச் சுற்றி நான்கு பாட்டில்கள் கல்லாய் உறைந்து மிதந்தன. வாளியைச் சுற்றிய துண்டு சொட்டச் சொட்ட ஈரம். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வாளியில் ஒட்டியிருந்த வெப்பமானி பதினெட்டு காட்டியது.

திறந்த கதவுக்கு வெளியே, பக்கத்து வீட்டு டெஸ் வேலிக்கு மேல் தலையை நீட்டினான்.

"நான்தான் மாத்தினேன். காலையில ஆறு மணிக்கே போன் பண்ணிட்டான் உன் புருஷன். மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ மாத்தணுமாம். நாட்டாமை!"

"மாத்தினது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாம? பதினொரு மணிக்குக்கூட கூப்பிட்டுக் கேட்டானே. பதினெட்டுன்னு சொன்னேன். 'இனிமே நிம்மதிடா'ன்னான்."

நோலீனின் கைகள் பாட்டில் குளிரில் மரத்துப்போயிருந்தன. தன் அம்மாவின் சாவுக்குக்கூடக் கொட்டகைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதவன் அவன். காய்ச்சலென்றாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பான். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நாற்பத்தோரு வருஷம் கூடவே வாழ்ந்தவளைக் கடைசி நேரத்தில் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தப் பார்க்கிறான். பாட்டில்களைத் தரையில் போட்டுவிட்டு காருக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரி நடையில் நர்ஸ் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அவள் நடந்து வந்த விதமே சொல்லிவிட்டது.

"அவரு போயி பத்து நிமிஷம் ஆச்சும்மா. உங்களுக்குப் போன் போட்டோம், எடுக்கல. ரெண்டு தடவ கேட்டாரு, நீங்க வீடு போய்ச் சேர்ந்திருப்பீங்களான்னு. சேர்ந்திருப்பாங்கன்னு சொன்னேன். அப்புறம் பேசவே இல்ல."

அறையில் வேறு யாருமில்லை. அவன் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. நோலீன் கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கத்தான் இடம்.

"பதினெட்டுதான் இருக்கு, கெல்," என்றாள். "நான் கொட்டல."

பிறகு கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தி, நாற்காலியை அந்த இடுக்குக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.