ஆயிரத்தொரு மாடும் அரிமளத்து வெள்ளைக் காரும்

சிவசாமி தன் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், உரம் வாங்க வந்தவர்கள் யூரியாவை மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனதுண்டு. அரிமளம் கடைத்தெருவில் அவருடைய உரக்கடை. கடை வாசலில், தகரக் கொட்டகை நிழலில், இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறது அந்த வெள்ளைக் கார். கொரியாக் கம்பெனி வண்டி. திருச்சிக்குப் போய், ஷோரூம் வாசலிலேயே தேங்காய் உடைத்து எடுத்து வந்தது. கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும், பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் அந்தக் கம்பெனியின் வரலாற்றை முதலிலிருந்து சொல்லாமல் சிவசாமி எழுந்ததில்லை. எப்போதோ ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வந்த கட்டுரை. மனப்பாடமாகியிருந்தது.

"எங்க வீட்டு மூத்த பொண்ணு ரஞ்சிதா இல்ல," என்பாள் அவர் மனைவி உண்ணாமலை. "அந்தா வெள்ளையா நிக்கிறாளே, அவதான். ரஞ்சிதாவுக்குக் காய்ச்சல்னா மாத்திரையோட விட்ருவாரு. அவ லேசா இருமுனாப் போதும், புதுக்கோட்டைக்குக் கூட்டிட்டு ஓடுவாரு."

ஒரு சனிக்கிழமை மத்தியானம், இரண்டு மணி இருக்கும். திருச்சியிலிருந்து வந்த வாடகைக் கார் ஒன்று கடைக்கு எதிரே புகை விட்டபடி நின்றது. வேறு ஏதோ கம்பெனி வண்டி. டிரைவர் பிச்சை இறங்கி முன்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். பின்கதவைத் திறந்துகொண்டு, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெளிநாட்டுப் பெண் இறங்கினாள்.

"பெல்ட்டு அந்துபோச்சுண்ணே," என்றான் பிச்சை. "புதுக்கோட்டையில போயித்தான் வாங்கியாரணும். அதுவரைக்கும் இந்தம்மா ஒங்க கடையில ஒக்காந்துக்கிரட்டும். கொரியாக்காரவங்க. திருமயம் போகணுமாம்."

வந்த பஸ்ஸில் அவன் ஏறிப் போய்விட்டான். சிவசாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபத்திரண்டு வருஷம் கழித்து, கொரியாவே நடந்து வந்து கடை வாசலில் நிற்கிறது!

"ஏ உண்ணாமலை, நாற்காலியத் தொடைச்சுப் போடு! மோரு கொண்டா! ரஞ்சிதாவ எங்க?"

ரஞ்சிதா புதுக்கோட்டையில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். மூன்று வருஷமாகப் போனில் கொரிய நாடகங்கள் பார்த்துப் பார்த்தே அந்த மொழியைக் கொஞ்சம் பிடித்து வைத்திருந்தாள். "அந்தப் பாழாப்போன கொரியாவ எப்பத்தான் விடப்போற?" என்று சிவசாமி திட்டாத நாள் கிடையாது. "ஒங்களுக்குக் காரு, அவளுக்கு நாடகம். ரெண்டும் ஒரே ஊருச் சீக்குத்தான்" என்று உண்ணாமலை சொல்வாள். இன்றைக்கு அதே மகளை அவர், "வா ஆத்தா, வா தங்கம்" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

"மொதல்ல வணக்கம் சொல்லு. அப்பறம் கார் கம்பெனியில என்ன வேலைன்னு கேளு."

ரஞ்சிதா குனிந்து வணக்கம் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. பெயர் சோயோன் என்றாள். நாடகங்களில் கதாநாயகர்கள் எல்லோரும் கம்பெனி முதலாளிகள் என்பதால் 'கம்பெனி' என்ற கொரிய வார்த்தை ரஞ்சிதாவுக்கு அத்துப்படி. ஆனால் வேலைக்குண்டான வார்த்தை சமயத்தில் வாய்க்கு வரவில்லை. "கார்... கம்பெனி... நீங்க?" என்று மட்டும் கேட்டாள். வாடகைக் கார் கம்பெனி மூலமாக வந்தாயா என்று கேட்கிறாள் போலும் என நினைத்து, சோயோன் பலமாகத் தலையாட்டினாள்.

"ஆமாங்குறாங்கப்பா!"

அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கச் சேதி பரவிவிட்டது. கொரியாவிலிருந்து கம்பெனி ஆள் வந்திருக்கிறது, வண்டிக்காரர்களிடம் அபிப்பிராயம் கேட்கிறது, சொல்ல வேண்டியதை இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். கடைத்தெருவில் அந்தக் கம்பெனி வண்டிகள் ஆறு ஒவ்வொன்றாக வந்து வரிசையாக நின்றன. சிவசாமியுடையதைச் சேர்த்து ஏழு.

முதலில் வந்தவர் அரிசி மில் ஆண்டியப்பன். "பாப்பா, எழுதிக்கிறச் சொல்லு. ஒவ்வொரு வேகத்தடையிலயும் வண்டி அடி வயிறு தட்டுது. மனுசன் நிம்மதியாப் போக முடியல."

"எட்டு மூட்டை அரிசிய ஏத்துனா யானைக்கே வயிறு தரை தட்டும்யா," என்றார் சிவசாமி. "அது ஒன் குத்தம். அதச் சொல்லாத ஆத்தா."

ரஞ்சிதாவுக்கு வேகத்தடையும் தெரியாது, அடி வயிறும் தெரியாது. தெரிந்ததில் பக்கத்தில் வருவதை எடுத்துச் சொன்னாள்: "இவருடைய இதயம் மிகவும் காயப்பட்டிருக்கிறது."

சோயோன் ஆண்டியப்பனைக் கவலையோடு பார்த்து, தன் நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்தினாள். ஆண்டியப்பன் நெகிழ்ந்துவிட்டார். "பாத்தியாடா, ஒரு குறைன்னு சொன்னா எப்படி மதிக்கிறாங்கன்னு!"

அடுத்தவர் பெரியகருப்பன், கருவாட்டு வியாபாரி. அவர் வண்டி வயரையெல்லாம் எலி கடித்துவிட்டதாம். கருவாட்டை உள்ளே வைத்துப் பூட்டினால் எலி வராமல் மயிலா வரும் என்று சிவசாமி சண்டைக்குப் போனார். ரஞ்சிதா கொஞ்சம் யோசித்து, "இவருக்கு நெருங்கியவர்களே துரோகம் செய்துவிட்டார்கள்" என்றாள். சோயோன் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பெரியகருப்பன் கையில் கொடுத்து, அவர் தோளைத் தட்டினாள்.

இப்படிக் குறையாகவே போகிறதே என்று சிவசாமிக்குப் பொறுக்கவில்லை. தன் வண்டிக் கதவுகளைத் திறந்து, முன் விளக்கைப் போட்டார். வைப்பரை ஆட்டிக் காட்டினார். பாட்டைச் சத்தமாக வைத்தார். "இருவத்தி ரெண்டு வருசம்! எல்லாம் ஒரிஜினல்னு சொல்லு. அப்பறம் அந்த மாட்டுக் கதைய நான் சொல்றேன், நீ அவங்க பாஷையில போடு."

மாட்டுக் கதை அவருடைய கட்டுரையின் உச்சகட்டம். அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர் ஒரு ஏழைக் குடியானவன் மகன். அப்பா மாட்டை விற்று வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்கு ஓடியவர். அரிசிக் கடையில் வேலை பார்த்தார். பிறகு கார் ரிப்பேர் பட்டறை வைத்தார். அது தீப்பிடித்து எரிந்தது. மறுபடியும் வைத்தார். அப்புறம்தான் கார் செய்தது, கப்பல் செய்தது எல்லாம். எண்பது வயசுக்கு மேலே, பிறந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் வட கொரியாவில் மாட்டிக்கொண்டிருக்க, லாரி லாரியாக ஆயிரத்தொரு மாட்டை ஓட்டிக்கொண்டு போய் அங்கே விட்டுவிட்டு வந்தார். எடுத்தது ஒன்று, கொடுத்தது ஆயிரத்தொன்று. இந்த இடத்துக்கு வரும்போது சிவசாமி எப்போதும் 'ஆயிரத்தொன்று' என்பதை இரண்டு தடவை சொல்வார். இன்றைக்கும் சொன்னார்.

ரஞ்சிதா மூச்சை இழுத்து விட்டு மொழிபெயர்த்தாள். ஓடிப்போவதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை, நாடகங்களில் காதலர்கள் ஓடிப்போகிற வார்த்தைதான்.

சோயோனின் கண்கள் அகன்றன. ஏதோ திருப்பிக் கேட்டாள். ரஞ்சிதா உறுதியாகத் தலையாட்டினாள். சோயோன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள், நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிவசாமிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அந்த இடத்தில் இதுவரைக்கும் யாரும் சிரித்ததில்லை.

அந்த நேரத்தில்தான் மேல்நிலைப்பள்ளி ஹெட்மிஸ்ட்ரஸ் அடைக்கலமேரி வந்து சேர்ந்தார். ஏழு வண்டிகளில் கடைசியாக வந்தது அவருடையது. அவர் நேராகப் போய் இங்கிலீஷில் பேசினார். சோயோனும் தட்டித் தடுமாறி இங்கிலீஷில் பதில் சொன்னாள். கேட்கக் கேட்க டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"என்ன டீச்சர்?" என்றார் சிவசாமி.

"கம்பெனிய ஆரம்பிச்சவரு அவங்கப்பாவோட பசுமாட்டக் காதலிச்சுக் கூட்டிக்கிட்டு ஓடிட்டாருன்னு ஒங்க மக சொல்லிருச்சாம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ரஞ்சிதா உரமூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"இன்னொன்னு சிவசாமி. இவங்க கம்பெனி ஆளே இல்ல. பாட்டு டீச்சரு. பன்னெண்டு கம்பி வச்ச ஒரு வாத்தியம் வாசிப்பாங்களாம். திருமயம் கோயில்ல இருக்க இசைக் கல்வெட்டப் பாக்க வந்திருக்காங்க. இவங்களுக்குக் கார் ஓட்டவே தெரியாதாம்."

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஆண்டியப்பன் மெதுவாக, "அப்ப என் வேகத்தடை?" என்றார். பெரியகருப்பன் கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தார். திருப்பிக் கொடுப்பதா, தின்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.

சோயோன் இன்னும் ஏதோ சொன்னாள். டீச்சர் புருவத்தை உயர்த்தினார். "ஆனா இவங்கப்பா அந்தக் கம்பெனியில முப்பத்தோரு வருசம் வேலை பாத்தவராம். உல்சான்னு ஒரு ஊரு. கதவு மாட்டுற பகுதி. கதவு மட்டுந்தான், வேற எதுவும் இல்ல."

சிவசாமிக்கு உயிர் வந்தது. ஓடிப்போய்த் தன் வண்டிக் கதவைத் தொட்டார். "அப்ப இது இவங்கப்பா மாட்டுன கதவா?"

"இல்ல மாப்ள," என்றார் ஆண்டியப்பன். "நம்ம ஊரு வண்டியெல்லாம் ஸ்ரீபெரும்புதூருப் பக்கம் செஞ்சதுல்ல? என் அக்கா மகன் நிலவழகன் அங்கதான எட்டு வருசமா வேலை பாக்குறான்."

"எட்டு வருசமா வருசாவருசம் பொங்கலுக்கு வந்து ஒன் மில்லுல படுத்துத் தூங்கிட்டுப் போறான். ஒன் வேகத்தடைய அவன்ட்டச் சொன்னா என்னய்யா?" என்றார் சிவசாமி.

"அவன்ட்டயா? அவன் நம்ம பயதானப்பா. அவன்ட்டப் போயி எப்படிச் சொல்றது?" என்றார் ஆண்டியப்பன். எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

நாலு மணிக்குப் பிச்சை போன் செய்தான். பெல்ட் கிடைக்கவில்லை, வர ராத்திரியாகிவிடும். சோயோன் வெயிலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளிச்சம் போய்விட்டால் கல்வெட்டில் எழுத்துத் தெரியாது.

"நம்ம வண்டி நிக்கையில அவங்க எதுக்குக் கவலப்படணும்?" என்று சிவசாமி பின்கதவைத் திறந்துவிட்டார். சோயோனும் ரஞ்சிதாவும் உண்ணாமலையும் ஏறிக்கொண்டார்கள். மற்ற ஆறு பேரும், கூட வராவிட்டால் மரியாதை இல்லை என்று அவரவர் வண்டிக்குப் போனார்கள். சிவசாமி ஊர் பார்க்கச் சாவியைத் திருகினார்.

டிக் என்றது. மறுபடியும் திருகினார். டிக்.

ஒரு மணி நேரத்துக்கு மேலாக விளக்கும் பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பேட்டரி இறங்கிப் போயிருந்தது. ஆண்டியப்பன் தலையை நீட்டி, "என் வண்டியில வரச் சொல்லவா மாப்ள?" என்று கேட்டார்.

"தள்ளுங்கய்யா!" என்றார் சிவசாமி.

நாலு பேர் வந்து பின்னால் கை வைத்தார்கள். என்ன நடக்கிறது என்று புரிந்ததும் சோயோனும் இறங்கி, சட்டைக் கையை மடித்துவிட்டுத் தோள் கொடுத்தாள். "ஐயையோ, விருந்தாளிங்க, நீங்க வேணாம்!" என்று சிவசாமி ஜன்னல் வழியே கத்தினார்.

"விடுங்க," என்றாள் உண்ணாமலை. "அவுக அப்பா கம்பெனி வண்டி, அவுக தள்ளுறாக. ஒங்களுக்கு என்ன?"

பஸ் ஸ்டாப் வரைக்கும் தள்ளிய பிறகு வண்டி ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பியது. ஏழு கார்களும் ஒன்றன் பின் ஒன்றாகத் திருமயம் ரோட்டில் போனபோது, வழியில் டீக்கடையில் நின்றவர்கள், "மாப்பிள்ளை எந்த ஊருங்க?" என்று கேட்டார்கள். பெரியகருப்பன் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, "கொரியா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருமயம் கோட்டையடியில் இருக்கும் கோயிலுக்குள் எல்லோரும் போனார்கள். சிவசாமி மட்டும் போகவில்லை. இன்ஜினை அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரம் கழித்துச் சோயோன் மற்றவர்களோடு வெளியே வந்தாள். கல்வெட்டைப் பார்த்த சந்தோஷம் அவள் நடையிலேயே தெரிந்தது. வண்டிக்குப் பக்கத்தில் நின்று வீடியோ காலில் யாரையோ கூப்பிட்டாள்.

"அப்பா!" என்றாள்.

ஏழு வண்டிக்காரர்களும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். "என்னய்யா, தமிழ்ல கூப்புடுது?"

"அவங்களும் அப்பான்னுதான் சொல்லுவாங்க," என்றாள் ரஞ்சிதா. இதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

போனில் ஒரு கிழவர் தெரிந்தார். பனியன் போட்டிருந்தார். சோயோன் போனைத் திருப்பிக் காரைக் காட்டினாள். கிழவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"கதவைச் சாத்திக் காட்டச் சொல்றாரு," என்றாள் ரஞ்சிதா, சோயோனின் சைகையையும் பார்த்துக்கொண்டே. "சத்தம் கேக்கணுமாம். ஆனா இன்ஜின் சத்தம் எடைஞ்சலா இருக்காம்."

சிவசாமி சாவியைப் பார்த்தார். கோட்டைச் சுவரைப் பார்த்தார். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். "யாரும் மூச்சு விடாதீங்க," என்று சொல்லிவிட்டு, கதவை முழுசாகத் திறந்து, பூ வைக்கிற மாதிரி விட்டார்.

டப்.

கிழவர் கண்ணை மூடிக் கேட்டார். ஒரு விரலைத் தூக்கினார். இன்னொரு தடவை. டப். முகம் முழுக்கச் சிரிப்பு பரவ, ரெண்டு வார்த்தை சொன்னார்.

"என்ன ஆத்தா சொல்றாரு? சரியாச் சொல்லு, காதல் கீதல்னு சொல்லாத."

"நல்லா மாட்டியிருக்காங்கன்னு சொல்றாருப்பா."

சிவசாமி தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். கேட்டவர்களிடம் வியர்வை என்றார். அதற்குள் மற்ற ஆறு பேரும் அவரவர் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். கிழவர் ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டார். டீச்சர் வண்டிக்குக் கட்டைவிரலைக் காட்டினார். ஆண்டியப்பன் கதவைக் கேட்டதும் தலையை ஆட்டி, கீலில் எண்ணெய் விடச் சொன்னார். ஆண்டியப்பன் அப்போதே மில்லுக்குப் போன் போட்டு எண்ணெய் வாங்கி வைக்கச் சொன்னார்.

இருட்டத் தொடங்கியது. சிவசாமி சும்மா ஒரு தடவை சாவியைத் திருகிப் பார்த்தார். டிக். போனைக் காரின் முன் கண்ணாடியில் சாய்த்து வைத்துவிட்டுச் சோயோன் மறுபடியும் சட்டைக் கையை மடித்தாள். உண்ணாமலை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கிழவர் போனுக்குள்ளிருந்து சத்தமாக ஏதோ சொன்னார்.

அதை யாரும் மொழிபெயர்க்கக் கேட்கவில்லை. எல்லோரும் தள்ளினார்கள்.