கேமரா இருந்த பக்கம்

மேக்கப் போடுகிறவள் அன்று காலை, அழுதாலும் கரையாத மையை எடுத்தாள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இன்று யாரோ ஒருவரின் வீட்டு ஆட்கள் வரப்போகிறார்கள், அந்த ஒருவர் நான்தான். நிஜ வாழ்க்கையைக் காட்டுகிற நிகழ்ச்சிக்கு எதற்கு மேக்கப் என்று மட்டும் கேட்காதீர்கள்.

"யாரு வர்றாங்க, சொல்லேன்" என்றேன்.

"எனக்கென்ன தெரியும் நாத்தனாரே" என்று சிரித்தாள்.

ஆறு வருஷம் ஒரு சீரியலில் கொடுமைக்கார நாத்தனாராக நடித்தேன். அதோடு சொந்தப் பெயரே போய்விட்டது. பிறகு கிடைத்ததெல்லாம் பாட்டுப் போட்டியில் விருந்தினர் நாற்காலி, சமையல் போட்டியில் உப்பு பார்க்கிற வேலை. இப்போது இந்த வீடு. பத்துப் பேர், முப்பது கேமரா, நாற்பது நாளாக அடைந்து கிடக்கிறோம்.

எனக்காக வரக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒன்று என் அக்கா, இல்லாவிட்டால் என் மகள். அக்கா வந்தால் பொழுது போகும். மகள் வந்தால்தான் எனக்கு உயிர் வரும். ஐந்து மாதமாக அவள் என்னோடு பேசவில்லை. ஒரு அரட்டை நிகழ்ச்சியில் ஆளாளுக்கு வீட்டுக் கதை சொல்லிச் சிரிக்க வைத்தார்கள். நான் மட்டும் விடுவேனா? பதினைந்து வயது மகள் தன் டைரியில் ஒரு பையனைப் பற்றி எழுதியிருந்ததை அப்படியே ஒப்பித்தேன். கைதட்டலை அள்ளினேன். மறுநாள் பள்ளிக்கூடமே அவளைப் பார்த்துச் சிரித்தது. பையைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனவள்தான், திரும்பவில்லை.

என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சோபாவில் உட்கார்ந்தேன், எழுந்தேன். கழுவிய தம்ளர்களையே மறுபடி கழுவினேன். இடுப்பில் செருகிய மைக் பெட்டி வழுக்கிக்கொண்டே இருந்தது.

"தரை தேஞ்சிடும் நாத்தனாரே, கொஞ்சம் உக்காருங்க" என்றான் கூட இருந்த காமெடி நடிகன்.

"உன் வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்தான்.

மதியம் வாசல் கதவு திறந்தது. என் மகள் நின்றாள்.

"அம்மா" என்றாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவளும் இறுக்கிப் பிடித்தாள். சட்டையில் குத்தியிருந்த மைக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு, என் காதுக்கு மட்டும் சொன்னாள்: "கோவம் போயிடுச்சும்மா. வீட்டுக்கு வந்துடறேன்."

அழுதேன். சத்தியமாக நிஜ அழுகைதான். ஆனால் பாழாய்ப்போன கால்கள் தாமாக நகர்ந்தன. கட்டிப்பிடிக்கிற காட்சியில் எவர் முகம் கேமராவைப் பார்க்கிறதோ, காட்சி அவருடையது. மற்றவர் வெறும் முதுகு. எத்தனை பேரை அப்படி முதுகாக்கியிருக்கிறேன்! மகளைத் தோளோடு பிடித்து அரைச்சுற்று திருப்பி, கூடத்துக் கேமராவுக்கு என் முகத்தைக் கொடுத்துவிட்டேன். செய்த பிறகுதான் செய்தது தெரிந்தது.

அவள் பிடி தளர்ந்தது. தலையைத் திருப்பிக் கேமராவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இல்லடி, அம்மா தெரியாம..." என்றேன்.

ஒலிபெருக்கியில் இயக்குநர் குரல் வந்தது. "பிரமாதம்! ஆனா பாப்பா மைக்க மூடிட்டாங்க, ஒண்ணும் கேக்கல. இன்னொரு தடவ கதவுலேர்ந்து வந்துடலாமா?"

வேண்டாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்தத் தடவை வேண்டுமென்றே கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றேன். பார்த்தால் அவளுக்குப் புரியும் என்று நம்பினேன்.

கதவு திறந்தது. அதே "அம்மா". அதே மாதிரி கட்டிக்கொண்டாள். மைக்கை மூடவில்லை.

"உன்மேல கோவமெல்லாம் போயிடுச்சும்மா" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். வீட்டுக்கு வருவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு என் இரண்டு தோள்களையும் பிடித்து, பொறுமையாக, என்னைக் கேமராப் பக்கம் திருப்பிவிட்டாள்.

"இப்ப உன் மொகம் தெரியுதாம்மா?" என்று கேட்டாள்.