அரைப் பேர்

மாகாண ஆங்கிலப் போட்டியில் ஜெயித்தால் கொழும்பு. மதுஷாவுக்கு இதுதான் கடைசி வருஷம். இதை விட்டால் மறுபடி வாய்ப்பே கிடையாது. அதனால் ஒரு மாதமாக அந்தத் தோட்டத்து லயத்தின் ஒற்றைக் காம்பராவில் ஆங்கில மரபுத்தொடர்கள்தான் ரொட்டிக்குச் சம்பல்.

"நெக் அண்ட் நெக்னா, ரெண்டு குதிரையும் கழுத்துக்குக் கழுத்து சரியா ஓடுறதும்மா."

லெட்சுமி ரொட்டி தட்டிக்கொண்டே உம் கொட்டுவாள். நமுனுகுல மலையில் குதிரைப் பந்தயத்தை யார் கண்டது?

போட்டியன்று லெட்சுமி மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது பதுளையிலிருந்து போன் வந்தது. போட்டியை நடத்தும் சிவசுப்பிரமணியம் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர்.

"மதுஷான்ர அம்மாவோ? உங்கட பிள்ளையும் லதுஷா எண்ட பிள்ளையும் சமன். பரிசு பாதி பாதி. ஆனா கொழும்புக்கு ஒராள்தான் போகலாம். நாளைக்குக் கூட்டிக்கொண்டு வந்தா திரும்பக் கேள்வி கேட்டு முடிவெடுக்கலாம். என்ன சொல்லுறியள்?"

பாதி என்றதுமே லெட்சுமிக்கு முகம் சுண்டிப்போயிற்று. கொழுந்து நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப் பேர்தான் போடுவார், அரை நாள் சம்பளம். நாளெல்லாம் மழையில் நனைந்து பறித்தாலும் அரைதான். ஏன் என்று கேட்டால் அதற்குத் தனியாக வசவு விழும். கேட்காமல் இருந்தே பழகியவள் அவள்.

"கொறஞ்சிருச்சுங்களா? மன்னிச்சுக்கங்கய்யா. அந்தப் புள்ளயே போகட்டுங்க."

"நல்ல மனசம்மா உங்களுக்கு" என்று ஐயா போனை வைத்துவிட்டார்.

குறையவில்லை அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுநாளும் அவருக்கல்லவா வேலை! நல்ல மனசாம்.

பொழுது சாய மதுஷா வந்தாள். அழுது முடித்த முகம். புத்தகப் பையைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"பாதின்னு சொன்னாருடி. பாதிதானே வாங்குன? பாதிய வச்சுக்கிட்டு எந்த மொகத்தோட இன்னொரு வாட்டி கேளுங்கன்னு சொல்றது?"

"அவளுக்கும் பாதிதாம்மா!"

லெட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. அடுப்பில் ரொட்டி கருகியது, எடுக்கத் தோன்றவில்லை. அரைப் பேர் வாங்கிய இருவரில் ஒருத்திக்கு முழுப் பேர் போட்டுக் கொழும்புக்கு அனுப்பியது கணக்கப்பிள்ளை இல்லை, ஐயாவும் இல்லை. அவளேதான்.